அழகி வளர்த்த பிரம்மி

விராலிமலையில் திருச்சி ரோட்டோரம் அழகி நாற்றுப்பண்ணை போட்டபோது அக்கம்பக்கத்தில் வேறு பண்ணையே கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் அடுத்தவர் தோட்டத்தில் பதியம் போடும் கூலி வேலைக்குப் போனவள். கைராசிக்காரி என்று பேர் வாங்கியவள். கல்யாணமான பின் புருஷன் கண்ணுசாமி தண்ணீர் சுமக்க, அவளே முன்னின்று வளர்த்த தொழில் அது.

கொழுந்தன் சரவணக்குமார் துபாய்க்குப் போனதும், அவன் பெண்டாட்டி தேவிப்ரியா ரோட்டுக்கு எதிர்ப்பக்கமே ஒரு பண்ணை திறந்தாள். அதைக்கூட அழகி பொறுத்துக்கொண்டாள். தேவி ஒவ்வொரு தொட்டியிலும் தாவரவியல் பெயர் எழுதிய அட்டையைச் செருகி வைத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. காரில் வருகிறவர்கள் அந்த அட்டைகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு நின்றார்கள். துளசிக்கு எதற்கு இங்கிலீஷ் பேரு, எல்லாம் படித்த திமிர் என்று கண்ணுசாமியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அவர் பாட்டுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனது அவளுக்கு இன்னும் எரிந்தது.

ஒருநாள் தரகர் முனியசாமி வந்தார். புனே பக்கம் ஒரு மருந்துக் கம்பெனிக்கு லாரி நிறைய பிரம்மி நாற்று வேண்டுமாம். முதலில் தேவியிடம்தான் போயிருக்கிறார். தாவரவியல் பெயரைக் கேட்டு வந்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்று அவள் திருப்பி அனுப்பிவிட்டாளாம். தேவிக்குப் போகவேண்டியதைத் தட்டிப் பறிக்கிற சந்தோஷம் அழகிக்கு.

"பிரம்மி தெரியாதவ பண்ணை வச்சா அப்படித்தான். நான் தாரேன்" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த பிரம்மி நீர்ப்பிரம்மி. நிழல்வலைக்கு அடியில், சேற்று மண்ணில், பிள்ளையைப் போல வளர்த்தாள். எதிர்ப்பக்கத்துக்குத் தெரியட்டும் என்றே தட்டுகளை ரோட்டைப் பார்த்து அடுக்கினாள்.

லாரியோடு வந்த கம்பெனி ஆள் நாற்றைப் பார்த்ததும் இது இல்லை என்றுவிட்டார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். வட்ட இலை, நம் ஊர் வல்லாரை. அவர்கள் பக்கத்தில் அதைத்தான் பிரம்மி என்பார்களாம். அழகி விடவில்லை, இதுதான் பிரம்மி என்று சண்டைக்கு நின்றாள். சத்தம் கேட்டு தேவி ரோட்டைக் கடந்து வந்தாள். சிரிக்கத்தான் வருகிறாள் என்று அழகிக்கு உடம்பெல்லாம் கூசியது.

தேவி சிரிக்கவில்லை. ஆர்டரில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று கம்பெனி ஆளிடம் கேட்டாள். சென்டெல்லா ஏசியாட்டிகா என்றார் அவர்.

"அது வல்லாரைங்க. அக்கா வளர்த்தது பகோபா மொன்னியேரி. நீங்க சொன்னதும் சரி, அக்கா சொன்னதும் சரி. ஊருக்கு ஊர் பேரு மாறும்ல? இந்தப் பேரு மட்டும் எந்த ஊருலயும் மாறாது. அதுக்குத்தான் வச்சிருக்காங்க."

லாரி காலியாகத் திரும்பியது. அன்று அழகி சாப்பிடவில்லை. நஷ்டத்தைவிட, தனக்காகப் பேசியது தேவி என்பதுதான் அவளை உறுத்தியது.

நாற்று வாடுவதற்குள் புதுக்கோட்டையிலிருந்து ஒரு சித்த வைத்தியர் போன் போட்டார். பகோபா மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று அழகி கேட்கவில்லை. கேட்டால் நன்றி சொல்லவேண்டி வரும்.

அதற்கப்புறம் வெளியூர் ஆர்டர் எது வந்தாலும் அந்தத் தாவரவியல் பெயரைக் கேட்காமல் அவள் வாக்குக் கொடுப்பதில்லை. கொஞ்ச நாள் கழித்து தேவி வந்து, தன் பண்ணையில் வைக்க நீர்ப்பிரம்மி கொஞ்சம் கேட்டாள். அழகி ஒரு பிடி பிடுங்கிக் கொடுத்தாள்.

"ஒன் மண்ணுல இது வராது" என்றாள்.

வந்தது. தொட்டி வழிய வந்ததை, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அழகி தினமும் பார்த்துத் தொலைக்கவேண்டியிருந்தது.