யார் எந்த நிலம்

வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் செய்வதில் ஒரு வசதி உண்டு: நாம் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். கெடுதலும் அதுதான். இந்த ஊழியத்தில் தொண்டை கட்டிப்போன சகோதரர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எனக்குப் பிடித்த பாடம் விதைக்கிறவன் உவமை. வழியருகே விழுந்த விதையைப் பறவை தின்கிறது. பாறையில் விழுந்தது முளைத்துக் காய்கிறது. முள்ளுக்குள் விழுந்தது நெருக்கப்பட்டுப் போகிறது. நல்ல நிலத்தில் விழுந்தது மட்டும் பலன் தருகிறது. விதை இறைவார்த்தை, நிலம் கேட்பவர் மனசு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. ஜெபக்குறிப்பு நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக அவர் என்ன நிலம் என்று எழுதிவிடுவேன். முதல் பக்கத்தில் முதல் பெயர், ஊரப்பாக்கத்தில் இருக்கும் என் அண்ணன். ஆறு வருடமாக நாங்கள் பேசுவதில்லை. ‘முள்’ என்று எழுதியிருந்தேன். மூன்று மாதம் போயும் நல்ல நிலம் ஒன்றுகூடத் தேறாத வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடுவேன்.

பெருமாளின் சந்தேகம்

செங்கல்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பெருமாள் என்று ஒரு விவசாயி. மனைவியின் வற்புறுத்தலுக்காகக் கூட்டத்துக்கு வந்து, கடைசி வரிசையில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருப்பார். உவமையை நான் உருகி உருகிச் சொல்லி முடித்ததும் கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்டார். அந்தக் காலத்தில் கையால் வீசித்தான் விதைப்பார்கள், நாலு விதை அங்கே இங்கே விழத்தான் செய்யும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டவில்லை. அன்றைக்கே ‘வழியருகே’ என்று எழுதிவிட்டேன். அவர் கேட்டது இதுதான்:

“ரோட்டு மேலயும் பாற மேலயும் வெதைக்கிறாரே பிரதர், அந்தாளுக்கு நெலமே பாக்கத் தெரியாதா?”

பட்டறையில்

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் மதியச் சாப்பாட்டு வேளையில் பேசக் கூப்பிட்டார்கள். சுற்றிலும் பாதி செதுக்கிய கல். அங்கே போய், பாறை மனசு ஆகாது என்று அரை மணி நேரம் பேசினேன் என்றால் என் சாமர்த்தியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே மூத்த சிற்பி சொன்னார்:

“கல்லு லேசுல எத்தியும் வாங்காது பிரதர், ஆனா ஒரு தபா வாங்கிச்சின்னா வுடாது.”

சபாஷ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நோட்டில் என்னவோ ‘பாறை’ என்றுதான் எழுதினேன்.

தேவகி வீடு

கடலோரக் குப்பம் ஒன்றில் எங்களுக்குக் கதவு திறந்த ஒரே வீடு தேவகியுடையது. மீன் விற்கிறவர். படகு கரைக்கு வந்த சத்தம் கேட்டால், நான் எந்த வசனத்தில் இருந்தாலும் கூடையோடு எழுந்து போய்விடுவார். ‘வழியருகே’ என்று எழுதினேன். மூன்று மாதம் முடிந்தது. இனி வரமாட்டேன் என்று சொல்லவே கடைசி வெள்ளிக்கிழமை போனேன்.

பாட்டுப் புத்தகங்களைக் கொடுத்தபோது அவற்றோடு என் நோட்டும் போய்விட்டது. போன இடம் தேவகியின் கை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர், “என் பேருக்கு நேரா வழியருகேன்னு போட்டுகீது, இன்னா பிரதர்?” என்றார். அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு புதிய முகத்தைக் காட்டினார். “இவ என் ஓரகத்தி. வலைத் தகராறுல நாலு வருசம் பேச்சே கெடையாது. அன்னிக்கு நீ மன்னிக்கச் சொல்லிப் பேசிக்கினு இருந்தப்ப பாதில எய்ந்து போனேனே, மீன் எடுக்கப் போவல பிரதர். இவ வூட்டுக்குத்தான் போனேன்.”

அந்தப் பிரசங்கம் எனக்கே மறந்துபோயிருந்தது. அதைச் செய்த வாயால் அண்ணனை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லையே என்று நினைத்தபோது, அந்த இரண்டு பெண்களுக்கும் முன்னால் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். தேவகி கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டித் தேடிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“எல்லார் பேரும் கீது, உன் பேரக் காணமே பிரதர், நீ இன்னா நெலம்?”

மறுநாள் காலை ஊரப்பாக்கத்துக்கு ரயில் ஏறினேன். இருபது வருடம் ஊரெல்லாம் வீசிய விதையில் ஒன்று வீசியவன் மேலேயே விழுந்து முளைக்க இவ்வளவு நாள் பிடித்திருக்கிறது.