உளுந்துத் தண்ணீரில் அசைந்த முள்

விரல் நுனியில் ‘சுர்’ரென்று தொடங்கி, முழங்கை வரை ஏறி, பல்லில் போய் முடியும் ஒரு கூச்சம், புளித்த உளுந்து மாவின் வாசனையோடு சேர்ந்துதான் அது இன்றும் என் நினைவுக்கு வருகிறது. எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் நல்லேப்பிள்ளியில், கரண்ட் வந்த வீடுகளிலெல்லாம் இந்தச் ‘சுர்’ரும் கூடவே குடிவந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் சுர், மேசை விசிறியை நகர்த்தினால் சுர். யாரும் அதைக் கோளாறு என்று நினைக்கவில்லை. பரவாயில்லை என்பதற்கு மலையாளத்திலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட ‘சாரமில்ல’ என்ற சொல்லைச் சொல்லிவிட்டு, காலடியில் ஒரு மரப்பலகையைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றுகொண்டு வேலையைப் பார்த்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் எரிச்சலாக வரும்.

என் அப்பாவை நாங்கள் ‘அய்யன்’ என்று கூப்பிடுவோம். சித்தூர் போகும் சாலையில் ஒற்றை அறைக் கடை வைத்து, விசிறி, ரேடியோ, மோட்டார் என்று எது வந்தாலும் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சோதித்துப் பார்க்க அவரிடம் இருந்ததெல்லாம் ஒயரில் தொங்கும் ஒரு பல்புதான். மோட்டாருக்குள் இருக்கும் கரண்ட் வெளி இரும்புக்குக் கசிகிறதா என்று அறிய, ஒரு ஒயரை உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருளிலும் மற்றதை இரும்பிலும் வைப்பார், பல்பு எரிந்தால் கோளாறு, எரியாவிட்டால் “ஒண்ணுமில்லீங்க, எடுத்துட்டுப் போங்க.” ஊரே அந்தப் பல்பை நம்பியது. ஊரை விடுங்கள், அவருடைய சொந்த அக்கா நம்பினாள்.

அவள்தான் மயிலாத்தா அத்தை. மாமா இறந்தபின் இட்லிக் கடை வைத்துத் தனியாளாக நின்றவள். கோயமுத்தூரிலிருந்து வரவழைத்த, மோட்டாரில் ஓடும் மாவுக்கல்தான் அவளுக்கு எல்லாம். அது சுர்ரென்கிறது என்று அவள் சொன்னபோது அய்யன் பல்பை வைத்துப் பார்த்தார். எரியவில்லை. “ஒண்ணுமில்லக்கா, பலகை மேல நின்னுட்டு ஓட்டு,” என்றார். அவளும் ஓட்டினாள். ஒரு விடிகாலை, பலகையில் மாவு அப்பிக் கிடந்ததென்று கழுவிக் காயப்போட்டுவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கல்லில் கை வைத்தவளை அது தூக்கிச் சுவரோடு அடித்தது. நான் பால் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது அத்தை கண் திறந்தபடி கிடந்தாள், பேச்சு இல்லை.

பிழைத்துக்கொண்டாள். வலது கை மட்டும் தம்ளரைக்கூடத் தூக்க முடியாமல் துவண்டு கிடந்தது. கடை மூடிக் கிடந்தது. ஆசுபத்திரியிலிருந்து திரும்பிய அன்று அய்யன் அவளிடம் சொன்னதை நான் மன்னிக்கவே இல்லை. “பலகை மேல நிக்காம அதைத் தொடச் சொல்லி உனக்கு ஆரு சொன்னா? பல்பு எரியிலயே, மோட்டார்ல ஒரு கோளாறும் இல்ல,” என்று கத்தினார். தப்பு அவளுடையதாம்! அத்தை துவண்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “அப்ப கசிவு பாக்கற மீட்டர் ஒண்ணு வாங்கலாம்டா தம்பி. அது சொல்லட்டும். அது இல்லைன்னு சொன்னா நான் நாளைக்கே கல்லை ஓட்டறேன்,” என்றாள். எனக்குத் திக்கென்றது. மீட்டர் தப்பாகச் சொல்லிவிட்டால் இவள் மறுபடியும் போய்த் தொடுவாளே!

அவள் மீட்டர் வாங்கக் கிளம்பிய அழகைக் கேளுங்கள். மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் கட்டச் சொன்னாள். பை ஒன்றில் மூடி போட்ட புட்டியொன்றை வைத்து என்னிடம் கொடுத்தாள். அவளுக்குக் கை வராததால் தூக்க நான். வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர் போகும் பஸ்ஸில் சாக்கை ஏற்ற கண்டக்டர் முணுமுணுத்தார். வழியெல்லாம் அய்யன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

கோயமுத்தூரில் எலெக்ட்ரிக் சாமான் கடைக்காரர் இரண்டு மீட்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கையில் அடங்குகிற, பளபளப்பான சின்ன மீட்டர். மற்றது தோல் வார் போட்ட கறுத்த பெரிய பெட்டி. விலையும் கூட, பாட்டரியும் கூட. அய்யன் சின்னதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துப் பார்த்தார்; பிடித்துப்போய்விட்டது என்று முகமே சொன்னது. “ஊடு ஊடாப் போறதுக்கு இதுதானுங்க தோது,” என்றார். “ஆமாங்க, விசிறி, இஸ்திரிப் பெட்டிக்கெல்லாம் இது தாராளமாப் போதும். கொஞ்சூண்டு கசிவும் பாக்கோணும்னா பெருசுதானுங்க நல்லது,” என்றார் கடைக்காரர்.

“ரெண்டையும் இதுல வெச்சுப் பாருங்க,” என்று அத்தை சாக்கைக் காட்டினாள்.

கடைக்காரர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே மோட்டாரை மேசைமேல் ஏற்றினார். சின்ன மீட்டரின் முள் அசையவில்லை. பெரியதிலும் அசையவில்லை. அய்யன் மூச்சை விட்டார். அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த மூச்சு. “பாத்தியாக்கா? நாஞ்சொன்னப்ப நம்புனியா?”

“காஞ்சு கெடந்தா அது சாதுடா,” என்றாள் அத்தை. “கண்ணு, அந்தப் புட்டியைக் குடு.”

புட்டியில் இருந்தது உளுந்து அரைத்த வீட்டு ஆட்டுக்கல்லைக் கழுவிய தண்ணீர்; கடையில் தினமும் மோட்டார்மேல் வழிவதும் அதுதான். நுரைத்த, புளித்த நாற்றம் கடையெங்கும் பரவ, இடது கையால் அதை மோட்டாரின் காற்றுத் துவாரத்துக்குள் ஊற்றினாள். “அம்மிணி, என்னுங்க இது!” என்று கடைக்காரர் பதறிப் பழந்துணியைத் தேடி ஓடினார். தண்ணீர் உள்ளே இறங்கும்வரை காத்திருந்தோம். பிறகு மறுபடியும் சின்ன மீட்டரை வைத்தார்கள். முள் செத்தது போலக் கிடந்தது. பெரியதை வைத்தார்கள். முள் மெல்ல எழுந்தது. தயங்கி, இன்னும் கொஞ்சம் போய், பாதி வழியில் நின்றது.

கசிகிறது. பல்புக்குத் தெரியாத கசிவு. அத்தையின் உடம்புக்குத் தெரிந்த கசிவு.

அய்யன் முகத்தை நான் பார்த்தேன். ஒரு மீட்டர் அவரைக் குற்றமில்லாதவர் என்கிறது, மற்றது அக்காவைச் சாகக் கொடுக்கப் பார்த்தவர் என்கிறது. எதை வாங்குவது என்பது அவர் கையில். சின்னது இன்னும் மேசைமேல் அவர் பக்கமாகவே கிடந்தது. அவர் கை அதன்மேல் போனது. எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. அத்தை அவரைப் பார்க்கவே இல்லை. துணியை வாங்கி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அய்யன் சின்ன மீட்டரை எடுத்துக் கடைக்காரர் பக்கமாக நகர்த்தினார்.

“பெருசைக் கட்டுங்க,” என்றார். குரல் உடைந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் வாளையாற்றுப் பக்கத்து மலை தெரியத் தொடங்கியபோதுதான் வாயைத் திறந்தார். “பல்பு எரியிலீன்னதும் நம்பீட்டேன்க்கா.” அத்தை, “நானுந்தான் நம்புனேன். உடுடா,” என்றாள். அய்யன் அழுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பிறகு அவர் மோட்டாருக்குச் சுருளைப் புதிதாகச் சுற்றினார், கசிவைத் தரைக்குக் கொண்டுபோகும் கம்பியைக் கிணற்றடியில் இறக்கினார். மீண்டும் உளுந்துத் தண்ணீர் ஊற்றி மீட்டரை வைத்தபோது முள் அசையவில்லை. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பலகையைக் காலால் தள்ளிவிட்டு, தரையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, வெறுங்காலோடு நின்று, கல்லை ஓடவிட்டு, உள்ளங்கை முழுவதையும் இரும்பில் வைத்தார். “டேய், வேண்டாண்டா!” என்று அத்தை அலறினாள். முட்டாள்தனம்தான், மீட்டர் சொன்னபிறகு இது எதற்கு? ஆனால் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். ஒன்றும் ஆகவில்லை. நகர்ந்து வழிவிட்டார். அத்தை நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, தேறிவந்துகொண்டிருந்த அந்த வலது கையையே நீட்டினாள். அன்று மாலை பலகையை என்னிடம் கொடுத்துப் பிளக்கச் சொல்லி அடுப்பில் வைத்தாள்.

எல்லாம் போய்விட்டது. அந்த மாவுக்கல் இல்லை, இட்லிக் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள், அய்யனும் அத்தையும் இல்லை. ‘சுர்’ என்றால் என் பேத்திக்குத் தெரியாது; அவள் தொடுவதெல்லாம் பிளாஸ்டிக். மீட்டர் மட்டும் என் அலமாரியில் இருக்கிறது, பாட்டரி தீர்ந்து, எதைத் தொட்டாலும் அசையாமல். துடைத்து வைக்கும்போதெல்லாம் அந்த முள்ளைப் பார்க்கிறேன். அசையாத முள்ளைக் கண்டு மற்றவர்களுக்கு நிம்மதி வரலாம். எனக்கு, கொஞ்சம் உளுந்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தேவலை என்றுதான் தோன்றுகிறது.