சுருக்குப்பையில் தொங்கிய பதக்கம்

சிலுவையம்மாள் அக்கா மீனுக்கு விலை சொல்வதற்கு முன்னால் இடுப்பிலுள்ள சுருக்குப்பையைத் தொடுவார். அதில் ஊக்கு குத்தித் தொங்கும் பதக்கத்தை முந்தானையில் ஒரு தேய்ப்பு தேய்ப்பார். பிறகுதான் வாய் திறக்கும். ராயபுரத்தில் அவர் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் வெட்டித் தருகிறவள் நான். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். எனக்குப் பேச்சு குறைவு. கை அரிவாள்மனையில் இருக்கும், கண் எங்கேயாவது இருக்கும்.

பதக்கத்தில் ஒருவர் கோலைத் தூக்கியபடி நிற்பார். கோயில் சிலையில் இருப்பதுபோல் கோல் இருந்ததால் அவர் இயேசுவை வளர்த்த சூசையப்பர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காலடியில் இருந்த சின்ன உருண்டையை நான் உலக உருண்டை என்று நினைத்திருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் அருள்நாதன் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் காயலான் கடையிலிருந்து எடுத்து வந்தது அது. சூசையப்பர் திருநாளில் மற்றவர்களின் ஜெபமாலைகளோடு தட்டில் வைத்து, பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்திருக்கிறார். அக்காவின் கூடையில் மீன் மீந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் சூசையப்பர் தயவு என்பார்.

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, எண்ணூரில் இன்ஜினியராக இருக்கும் பகலவன் சார் வஞ்சிரம் வாங்க வந்தார். பேரம் பேசினால் லேசில் விடாத மனிதர். அன்று அவர் மீனைப் பார்க்கவே இல்லை.

"இன்னா சார், மீனு இங்க கீது. என் இடுப்புல இன்னா தேடுற?" என்றார் அக்கா.

சாருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "ஐயோ, அந்த மெடலைப் பார்த்தேம்மா. அது பழைய கோல்ஃப் கிளப்போடது."

கிளப் உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டி வைத்து, ஜெயித்தவருக்குக் கொடுத்த பதக்கமாம். சார் அப்படிப்பட்ட பதக்கங்களைச் சேர்க்கிறவராம். அந்த வரிசையில் இது ஒன்றுதான் அவரிடம் இல்லையாம். என்ன விலை கேட்டாலும் தருகிறேன் என்றார்.

"அப்போ இவுரு யாரு?"

"கோல்ஃப் ஆடுறவர்மா. கீழே இருக்கே, அதுதான் பந்து."

எதிர்க்கடை ராமசெல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். "யக்கா, இத்தினி வருசமா பந்தடிக்கிறவன்கிட்டயா ஜெபம் பண்ணிகினு இருந்த?"

அக்கா சிரிக்கவில்லை. "மந்திரிச்சத விக்கக் கூடாது சார்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கிப்போனது. பதக்கத்தைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டார். "அப்போ நான் கேட்டதெல்லாம் யாரு காதுல வுழுந்துச்சு? யாருடி எனக்கு மீன வித்துக் குடுத்தது?" என்று என்னிடம் கேட்டார். நான் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்ததையே மறுபடி எடுத்தேன்.

திங்கட்கிழமை பதக்கத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்தார். திங்களன்று மத்தியானம் வரை ஈ ஓட்டுவதுதான் எங்கள் தொழில். ஒரு அம்மா வந்து பாதி விலைக்குக் கேட்டார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா தாயி, மீன கேக்குறியா, அதோட நெழல கேக்குறியா?"

அந்த அம்மா சிரித்துவிட்டு, சொன்ன விலைக்கே வாங்கிப் போனார். அடுத்து வந்தவரும் வாங்கினார். வெயில் ஏறும் முன்பே கூடை காலி. அக்கா அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

"ஏய் ஷைனி, அப்போ இத்தினி நாளா நான்தான் வித்துகினு இருந்தேனா?"

"ஆமாக்கா, உன் வாய்தான்" என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவள் வேறு என்ன சொல்வது?

அக்கா சிரித்த சிரிப்பில் ராமசெல்வி தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை பதக்கத்தைப் பளபளவென்று துடைத்து பகலவன் சார் கையில் வைத்தார். சார் பர்ஸை எடுத்தார்.

"அத்த உள்ள வையி சார். மந்திரிச்சத விக்கத்தான் கூடாது, குடுக்கலாம். சூசையப்பரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா ஒண்ணு, இனிமே எங்கிட்ட பேரம் பேசக் கூடாது."

சார் மீனைப் பார்த்தார், பதக்கத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, "சரிம்மா" என்றார்.

இப்போது பதக்கம் பகலவன் சார் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. அவர் சனிக்கிழமைகளில் வந்து, சொன்ன விலைக்கு வாங்கிப் போகிறார். அக்காவின் சுருக்குப்பையில் ஊக்கு மட்டும் இருக்கிறது. விலை சொல்வதற்கு முன்னால் அதை முந்தானையில் ஒரு தேய்ப்பு தேய்க்கிறார்.