வெறும் விசில்

எங்கள் நைனாவுக்குக் கல்குவாரியில் விசில் ஊதும் வேலை. வெடி வைப்பதற்கு முன் அவர் ஊதுவார், ஆட்கள் ஓடிப்போய் ஒதுங்குவார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் வெடி என்பதால், விசில் கேட்டதும் அம்மா சோற்றுத் தட்டை எடுத்து வைத்துவிடுவாள். வெடிச் சத்தம் அடங்கிச் சற்று நேரத்தில் நைனா வாசலில் வந்து நிற்பார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு நாள் விசில் கேட்டது, தட்டை எடுத்து வைத்தாள், ஆள் வரவில்லை. வெடிக்காத குழி ஒன்றைப் பார்க்கப் போனாராம். அதற்கு மேல் எழுத எனக்கு மனசில்லை.

அதன் பிறகு அம்மாவுக்கு விசில் ஆகாது. குவாரியை மூடிவிட்டார்கள், ஆனால் பஸ் இருக்கிறதே! செஞ்சிக் கடைத்தெருவில் கண்டக்டர் விசில் அடித்தால் போதும், கை கால் உதறி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவாள். பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடிக்க வந்தவர்களும் உண்டு. அவர்களை நான் வாசலோடு விரட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் அவலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். மாமியார் இல்லாத வீடு. தலைப்பிரசவத்தில் அவள் செத்துப் பிழைத்தவள் என்பதால் இந்தத் தடவை அம்மா பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. அம்மா ஒரு முறை ஏறிப் பார்த்தாள். விசில் அடித்ததும், நகர ஆரம்பித்த பஸ்ஸிலிருந்து குதிக்கப் போனாள்.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். சோறு வைக்கும்போதெல்லாம் மணி அடித்துப் பழக்கினால், பிறகு வெறும் மணிக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று ஒரு பாடம். பழகிய பயத்தையும், பிடித்த ஒன்றோடு சேர்த்துப் பழக்கி, இதே வழியில் மாற்றலாம் என்றார் வாத்தியார். அம்மாவிடம் சொன்னேன்.

"இன்னாடி, என்னை நாயோட சேத்துட்டியா?" என்றாள். ஆனாலும் அக்காவுக்காக ஒத்துக்கொண்டாள்.

சந்தையில் ஒரு விசில் வாங்கினேன். படித்த திமிர், முதல் நாளே பக்கத்தில் நின்று ஊதிவிட்டேன். அம்மா ஆசையாகத் தின்றுகொண்டிருந்த அவித்த வேர்க்கடலை தரையெல்லாம் சிதறியது. விசில் பயம் போகவில்லை, வேர்க்கடலையைக் கண்டாலும் அவளுக்குக் குமட்ட ஆரம்பித்ததுதான் மிச்சம்.

பிறகு புத்தி வந்தது. வெற்றிலை போட்டால் அம்மாவின் முகம் இளகிவிடும். அவள் வாசலில் உட்கார்ந்து மெல்லும்போது நான் ஏரிக்கரையில் நின்று, காதில் விழுந்தும் விழாததுமாக ஊதினேன். அவள் மெல்வது நின்றுவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண் கையை ஆட்டுவாள், நான் இன்னும் தள்ளிப் போய்விடுவேன். நிற்காவிட்டால் மறுநாள் கொஞ்சம் கிட்டே வருவேன். ஏரிக்கரையிலிருந்து புளியமரம், அங்கிருந்து தெருமுனை, கடைசியில் வாசல்படி வரை வந்துவிட்டேன்.

அக்காவுக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறந்ததும், அதை அம்மாவே கையில் ஏந்தியதும் பிறகு நடந்தவை. எனக்கு மறக்காதது அவலூர்பேட்டைக்கு நாங்கள் ஏறிய அந்த பஸ்தான். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்டக்டர் விசில் அடித்தார். அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன், நடுக்கமே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியாம்மா, ஒண்ணும் ஆவல!" என்றேன்.

செஞ்சிக் கோட்டை மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருக்கிறாள்.

"மின்னாடி விசில் கேட்டா, உங்க நைனா வராருன்னு தட்டு எடுத்து வெப்பேன். அப்பால கேட்டா உடம்பு நடுங்கும். அந்த நடுக்கத்துலயும் அவருதான்டி இருந்தாரு. இப்ப யாருமே வரல. வெறும் விசிலுதான் இருக்குது."

அடுத்த நிறுத்தத்தில் கண்டக்டர் மறுபடியும் விசில் அடித்தார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.