கெர்டா அம்மாவின் மெல்லிய தோட்டாக்கள்

இன்று காலை மிளகாய்த்தூளுக்குப் பெருஞ்சீரகம் வறுத்தேன். ஜேர்மனியில், எசன் நகரத்து மாடிவீட்டில் வறுப்பதென்றால் ஜன்னலெல்லாம் திறந்து, புகைக்குக் கத்துகிற கருவிக்குத் துணி கட்டி, ஒரு யாகம் நடத்துவது போலத்தான். வாசம் எழுந்தால் மற்றவர்களுக்குக் கறி நினைவு வரும். எனக்கு வேட்டைத் துவக்கு நினைவு வந்தது. சிரிக்காதீர்கள். இந்த நாட்டில் துவக்குக்குப் பூசுகிற எண்ணெய் ஒன்று அச்சொட்டாகப் பெருஞ்சீரகம் போலவே மணக்கும். வெள்ளி செவ்வாய் மட்டுமல்ல, வாரம் ஏழு நாளும் மரக்கறி தின்கிற எனக்கு அது தெரிந்தது கெர்டா அம்மாவால்.

எசனுக்கு வருமுன் காட்டோரக் கிராமம் ஒன்றில் அவருடைய வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். எழுபது வயது, கணவர் காலமாகிவிட்டார், வேட்டைக்காரி. மலைச்சரிவில் ஒரு காட்டை வேட்டைக்குக் குத்தகை எடுத்திருந்தார். விடிந்தால் அங்கேதான். அந்தக் கோடையில் அவருக்கு வலது தோளில் ஆபரேஷன். வெடிக்கும்போது துவக்கு திருப்பித் தோளில் உதைக்குமாம். எனக்கு ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் ஓடத் தெரியும். அதன் பின்பக்கம் என்ன செய்யும் என்று யார் நின்று பார்த்தது?

காட்டுச் சொந்தக்காரர்களோ, மான்கள் கன்றுமரங்களைக் கடித்து நாசமாக்குகின்றன, தை முடிவதற்குள் மூன்று மானாவது குறைய வேண்டும், இல்லையென்றால் குத்தகை நகரத்துப் பல் வைத்தியருக்கு என்று கடிதம் போட்டுவிட்டார்கள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு கெர்டா அம்மா எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அழுதார். தோள் வெட்டியபோதுகூட அழாத மனுசி.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிலவறையில் தானே மெல்லிய தோட்டா செய்யத் தொடங்கினார். உதை குறைந்தது, நூறு மீற்றருக்குள் நிற்கிற மானுக்குப் போதுமானது. உறைப்புக் குறைத்த குழம்பு என்று நான் விளங்கிக்கொண்டேன். ஆனால் ஒரு பிடி வெடிமருந்தைக் குறைத்துவிட்டால் ஆச்சு என்றில்லையாம். அட்டவணைப் புத்தகத்தில் உள்ள மருந்து, அதில் உள்ள அளவு. கூடினாலும் ஆபத்து, கண்டபடி குறைத்தாலும் ஆபத்து. சிக்கல் என்னவென்றால், தூரத்து மானின் காது அசைவது தெரிகிற அவருக்கு முன்னால் இருக்கிற தராசின் எண் தெரியாது. கண்ணாடி போட்டாலும் மூன்று, எட்டாகிவிடும்.

"நீ வாசி. ஆனா தொடாதை. உன்னட்டை அனுமதி இல்லை" என்றார். (அவர் ஜேர்மனில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.)

ஆகவே நான் மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பித்தளைத் தோட்டாக் கோதுகளுக்கு முன்னால், கந்தசஷ்டி விரதத்தோடு, பசியோடு, எண் வாசித்தேன். ஐந்தாம் நாள்தான் புத்தியில் உறைத்தது: வள்ளியம்மா மானின் வயிற்றில் பிறந்தவள். நான் இங்கே யாருடைய தாய்வீட்டுக்கு மருந்து நிறுக்கிறேன்?

மேலே வந்து என் கணவரிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன, முருகனே வேடன் வேசம் போட்டுத்தானே பொம்பிளை பாக்கப் போனவர்" என்றார் இவர், செய்தித்தாளை இறக்காமலே.

எனக்கு மனம் ஆறவில்லை. சாமிப்படத்துக்கு முன்னால் நின்று நேர்த்தி வைத்தேன்: முருகா, அவவுக்குத் தோள் நோகக் கூடாது, மானில் வெடியும் படக் கூடாது. இரண்டும் நடந்தால் பால்குடம் எடுக்கிறேன்.

இரண்டும் நடந்தது. பயிற்சித் திடலில் ஐந்து வெடியும் அட்டையின் நடுவில். "நோகேல்லை, நோகேல்லை!" என்று கெர்டா அம்மா படியேறி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். காட்டிலோ, முதல் மானுக்கு அவருக்குத் தும்மல் வந்தது. இரண்டாவது மான் வந்தபோது ஏணிப் பரணின் பலகை கிறீச்சிட்டது. மூன்றாவது மான் நன்றாகத் திரும்பி நின்ற நேரம் அவர் போன் அடித்தது. வீட்டிலிருந்து அழைத்தது நான்தான். "மஞ்சள் குப்பைப் பை ஏத்துறது நாளைக்கோ, நாளண்டைக்கோ?" என்று கேட்டேன். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை.

மார்கழி பிறந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. கீழே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏசுவார், வீட்டை விட்டு எழுப்புவார் என்று நினைத்தேன். கெர்டா அம்மா தேவாலயப் பக்கமே போகாதவர். ஆனாலும் வலு கவனமாகக் கேட்டார்.

"பதினாலு நாளுக்குள்ளை திருப்பி எடுக்கலாம்தானே? எந்த ஒப்பந்தத்துக்கும் அப்பிடி ஒரு சட்டம் இருக்கு."

"நேர்த்தி வைச்சு ஒரு மாசம் தாண்டிப்போச்சு அம்மா."

"அப்ப பொறுப்பான ஆளோடை ஒரு டெர்மின் எடு, நேரம் குறிச்சுப் போய்க் கதைப்பம்."

அடுத்த வெள்ளி, பச்சை வேட்டைத் தொப்பியோடு அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். தொப்பியைக் கழற்றினார், சப்பாத்தையும் கழற்றினார், கம்பளிக் காலுறையில் ஓட்டை. ஐயரிடம் விசயத்தைச் சொன்னேன். ஐயர் தொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வைச்ச நேர்த்தியைத் திருப்பி எடுக்க ஏலாது பிள்ளை. வேணுமெண்டா மேலாலை இன்னொண்டு கேள். அம்மாவுக்கு என்ன நட்சத்திரம்?"

"அவவுக்குத் தெரியாது ஐயா."

"சரி, முருகன்ரை நட்சத்திரத்துக்கே செய்வம்."

தீபம் காட்டும்போது பக்கத்தில் வள்ளி நிற்கிறாள். மானைக் கொல்லவிடு என்று அவள் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது? பக்கத்தில் கெர்டா அம்மா, யாரோ பிடித்து நிறுத்திவிட்டதுபோல விறைப்பாகக் கைகூப்பி நின்றார். கன்னத்தில் தண்ணீர். காட்டை அவவிடமே விட்டுவிடு முருகா என்று மட்டும் கேட்டேன். எப்படி என்று சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். தை மாதம் பனி கொட்டியது. அவருடைய காட்டை ஊடறுத்துப் போகிற தெருவில் மூன்று வாரத்துக்குள் மூன்று மான் காரில் அடிபட்டன. தெருவில் சாகிற மானையும் குத்தகைக்காரரின் கணக்கில்தான் எழுதுவார்களாம். எனக்கு அது தெரியாது. மூன்றாவது மானை இடித்தது பல் வைத்தியரின் கார். அவரே போலீசுக்கு அறிவித்து, அவரே கையெழுத்தும் வைத்தார்.

கெர்டா அம்மா ஒரு தோட்டாவும் செலவழிக்காமல் காட்டை வைத்திருந்தார். தேன் போத்தலோடு மேலே வந்து, "உன்ரை ஆள் ஒழுங்காத்தான் வேலை செய்யிறார், ஆனா சாரதி அனுமதிப் பத்திரம் இல்லைப் போலை" என்றார். நான் சிரிக்கவில்லை. பால்குடம் எடுத்தபோது அந்த மூன்று உயிருக்கும் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு நாங்கள் எசனுக்கு வந்துவிட்டோம். கெர்டா அம்மா சாகும் மட்டும் அந்தக் காட்டை விடவில்லை. போன கோடையில் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. மழையில்லாத வருடங்கள் வந்து, மரப்பட்டைக்குள் வண்டு விழுந்து, மலை முழுக்க வெட்டி ஏற்றிவிட்டார்கள். அடிக்கட்டைகள் சாம்பல் நிறத்தில் உச்சி வரைக்கும் நிற்கின்றன. அவர் இருந்து பார்த்த பரண் எந்த இடத்தில் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. காடு அவவிடம் இருக்கவேண்டும் என்று கேட்டவள், காடு இருக்கவேண்டும் என்று கேட்கவில்லையே. அப்போது அது கேட்கவேண்டிய விசயமாகவே தோன்றவில்லை.