கொழும்பில் போட்ட கூட்டம்

மிளகு, ஏலம், கொக்கோ வாங்கி விற்கும் மாத்தளைக் கடையில் கிளாக்கர் வேலை என்றால், பேனா பிடிப்பது கால்வாசி. மற்றவர்கள் கைகழுவிய காரியங்களையெல்லாம் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வது முக்கால்வாசி. உங்களில் யாராவது கடை ஆட்களுக்கோ ஆபீஸ் ஆட்களுக்கோ பயணம் ஏற்பாடு செய்து வசவு வாங்கியிருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

அறுபதுகளில் நடந்தது இது. எங்கள் முதலாளி ஹாஜியார் நாவுலவில் ஒரு கிளைக் கடை திறக்க முடிவு செய்தார். அங்கே யார் போவது என்பதில்தான் இழுபறி. மாத்தளையை விட்டு நகர யாருக்கும் மனமில்லை. எனக்குச் சுத்தமாக இல்லை. அப்போதுதான் கல்யாணமான புதிது. மாத்தளையை விட்டு வரமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் பார்வதி எனக்குக் கழுத்தை நீட்டியிருந்தாள்.

கடையை இரண்டு நாள் பூட்டிவிட்டு வெளியூர் போய், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம் என்றார் ஹாஜியார். ஒரே ஒரு நிபந்தனை: கூட்டத்தில் இல்லாதவன் தலையில் நாவுலவைக் கட்டக்கூடாது. எல்கடுவவில் ஒரு தோட்டத்துப் பங்களா கிடைப்பதாக இருந்தது. நான்தான் கொழும்பு, கொழும்பு என்று ஒற்றைக்காலில் நின்றேன். பட்டணம் பார்த்த குஷியில் யாராவது ஒருவர் நாவுலவுக்குத் தலையாட்டிவிடுவார் என்று மனப்பால் குடித்தேன்.

மூட்டைகள்

ரயிலேற வந்தவர்களைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஆளுக்கு இரண்டு சாக்கு. பலாக்காய், வாழைக்குலை, தயிர்ச் சட்டி என்று கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டு போவதுபோல் நின்றார்கள். தராசு பிடிக்கும் சலீம் நானாவின் சாக்கு தானாக அசைந்தது. உள்ளே உயிருள்ள சேவல்! "கூட்டத்துக்குச் சேவல் எதுக்கு நானா?" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தெமட்டகொடயில என்ட மாமி இரிக்கி. கொழும்புக்குப் போய் மாமிட ஊட்டுக்குப் போகாம வந்தா, என்ட பொஞ்சாதி எனக்குச் சோறு போடுவாவா தம்பி?"

கதிரைகள்

மருதானையில் ஒரு லொட்ஜ். வட்டமாகக் கதிரை போட்டு, காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். ஒன்பது மணிக்கே சலீம் நானாவின் மச்சான் வந்து, ஒரு வாய் சாப்பிட வைத்து உடனே அனுப்பிவிடுவதாகச் சத்தியம் செய்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்து கேஷியர் முத்துசாமி அண்ணனின் சித்தப்பா மகன் வந்தார். ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டுக்குப் போகாவிட்டால் அந்த வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் அல்லவா? முத்துசாமி அண்ணனுக்குக் கொழும்பில் சொந்தக்காரர் வீடு மூன்று. மற்றவர்களும் இப்படியே ஒவ்வொருவராக நழுவினார்கள்.

போகட்டும், முதலாளியாவது இருக்கிறாரே என்று பார்த்தால், புறக்கோட்டை வியாபாரிகள் மோப்பம் பிடித்து வந்து, ஏலக்காய்க்கு விலை பேச அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொழும்பில் நாதியற்றவன் நான் ஒருவன்தான். நடுவில் தனியாக உட்கார்ந்திருந்த என்னை லொட்ஜ் மனேஜர் எட்டிப் பார்த்தார்.

"கதிரை எல்லாம் வந்திருச்சுங்களே. கூட்டத்த ஆரம்பிச்சிடுங்க."

காற்று வாங்கப் போனது

கூட்டத்தை மாலையில் காலிமுகத்திடலுக்கு மாற்றினேன். கடல் என்றால் வராமலா போவார்கள்? வந்தார்கள். ஹாஜியாரும் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு "நாவுல..." என்று ஆரம்பித்தார். அந்தச் சொல்லைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. மறுபடி ஆரம்பித்தார். இறால் வடை வண்டி வந்தது. அதன் பின்னால் கூட்டமே போனது.

கொக்கோ காயவைக்கும் சுப்பையா அதுவரை கடலைப் பார்த்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் அளவு அலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபத்தில் பாதி கரைந்துவிட்டது. மீதிக் கோபத்தோடு, மேலே வரச் சொல்லிக் கத்தினேன்.

"கூட்டத்த மாத்தளையிலயும் போடலாங்க கிளாக்கரய்யா. கடல அங்க போட முடியுங்களா?"

நடந்த கூட்டம்

மறுநாள் ரயிலுக்கு முன்னால் ஒரு மணி நேரமாவது உட்காரலாம் என்று எல்லோரிடமும் கெஞ்சி வைத்திருந்தேன். ஹாஜியார் சொன்ன நேரத்துக்கு வந்தார். சலீம் நானாவை, அந்தச் சேவலைச் சமைத்து முடிக்கும்வரை மாமி விடவில்லை. முத்துசாமி அண்ணன் மூன்றாவது வீட்டில். சுப்பையாவும் மற்றவர்களும் மறுபடி கடலுக்கு.

ஹாஜியார் காலிக் கதிரைகளைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்வதியிடம் என்ன சொல்வேன்? "இன்னொரு நாள் பேசலாமே முதலாளி" என்று இழுத்தேன். அவர் மிகவும் அன்பாகச் சொன்னார்:

"இல்லாத ஆள்ட தலையில கட்டக்கூடாதுண்டு தானே மகன் செல்லிரிக்கிறேன். இரிக்கிற ஆள்ட தலையில கட்டலாந்தானே?"

தீர்ப்பு

வீட்டுக்கு வந்ததும் பார்வதி கொழும்பைப் பற்றி ஆசையாகக் கேட்டாள். நான் நாவுலவைப் பற்றிச் சொன்னேன். அவளிடம் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான், அவள் மாத்தளையிலேயே இருக்கலாம், நான் வாரம் ஒருமுறை பஸ்ஸில் வந்து போகிறேன் என்று ரயிலில் ஒத்திகை பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"வாரத்துக்கு ஒருக்கா விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போற புருஷன் எனக்கு வேணாங்க. நாவுலயில ஒரு வீடு பாருங்க, நானும் வாறேன்."

பெரிய பட்டணத்தில் கூட்டம் போடுவதில் ஒரே ஒரு குறைதான் அன்பர்களே: அங்கே எல்லோருக்கும் போக இடம் இருக்கும், ஏற்பாடு செய்தவனைத் தவிர.