மூட்டை அக்காவும் ஓரகத்தியும்

அலுவலகத்தில் அவளுக்கு ‘மூட்டை அக்கா’ என்று பெயர். பல குழுக்கள் தயாரித்த நாற்பத்து மூன்று நிரல் பேக்கேஜ்களைச் சர்வரிலிருந்து இறக்கி, வெர்ஷன் பார்த்து, உதாரண நிரல்களும் கையேடும் சேர்த்து, எஸ்டிகே எனும் ஒரே கருவித் தொகுப்பாகக் கட்டுவது அவள் வேலை. வெளியே ஆப் எழுதுகிறவர்கள் அதை வைத்துத்தான் தொடங்குவார்கள். மாதம் ஒருமுறை, முழுசாக இரண்டு நாள் பிடிக்கும். ஒன்பது வருஷமாக வேறு யாரும் அதில் கை வைத்ததில்லை.

கொழுந்தனின் மனைவிக்கு அங்கே வேலைக்குச் சிபாரிசு செய்தவளும் அவள்தான். சேர்ந்த மூன்றாம் மாதமே அந்த ஓரகத்தி இந்த வேலையைத் தானாகவே செய்யும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, மேனேஜர் முன்னால் ஓட்டிக் காட்டினாள். பட்டியலைப் படித்து, பேக்கேஜ்களை எடுத்து, பதினொரு நிமிஷத்தில் மூட்டையைக் கட்டிவிட்டது.

“இனிமே நீங்க கஷ்டப்பட வேணாம்க்கா.”

மூட்டை அக்கா சிரித்து வைத்தாள். வயிறு எரிந்தது. வீட்டில் மாமியார் வேறு, “சின்னவ கெட்டிக்காரி!” என்றாள். அதற்குத் தலையாட்டிய கணவனுக்கு அன்று இரண்டாம் முறை சோறு விழவில்லை.

முதல் தானியங்கி வெளியீட்டுக்கு முந்தைய நாள், குறை ஏதாவது சிக்காதா என்று மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். சிக்கியது. ஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் புதிய வெர்ஷனையே எடுத்திருந்தது. கேமரா பேக்கேஜில் மட்டும் முந்தையதை எடுக்க வேண்டும். இல்லையென்றால் பழைய போன்களில் ஆப் திறந்ததும் மூடிக்கொள்ளும். அது அவளுக்கு மட்டுமே தெரியும், எங்கும் எழுதி வைத்ததில்லை. வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போனாள்.

வெளியான இரண்டே நாளில் புகார்கள் குவிந்தன. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார்.

“தப்பு என்னோடதுதான் சார்,” என்றாள் ஓரகத்தி. கண் கலங்கியிருந்தது. “அக்காவை ஒரு தடவை பாக்கச் சொல்லியிருக்கணும். அவங்கள யாரும் எதுவும் கேக்காதீங்க.”

நல்லவள் என்ற பெயரையும் இவளே தட்டிக்கொண்டு போக வேண்டுமா? மூட்டை அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“நான் பாத்தேன்,” என்றாள். “தெரிஞ்சுதான் சொல்லாம விட்டேன்.”

ஓரகத்தி அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனாள். ஒரு வாரம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஓரகத்தியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உங்க தலைக்குள்ள இருக்கிறத எல்லாம் சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

இருபத்தேழு விதிகள் தேறின. எதை மீறினாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்படி ஓரகத்தி எழுதினாள். அதன்பின் புகார் வரவில்லை.

அடுத்த வருஷம் குழுவுக்குத் தலைவி ஆனது ஓரகத்திதான். மூட்டை அக்கா லீவு வேண்டுமென்றால் அவளிடம்தான் கேட்க வேண்டும். அந்த வருஷம் அக்கா ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.